நாய் தோட்டத்தையே தோண்டிப் போடுகிறது, என்ன செய்வது?

செடிவீடு எழுதியது:

வணக்கம். இங்கே நான் புதிது. நேற்று காலை கால் குழிக்குள் போய் கணுக்கால் பிசகிவிட்டது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிட்டு என்று ஒரு பெண் நாய். வயது 14 மாதம். கலப்பினம். கால் குட்டை, உடம்பு நீளம், காது மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியது போல இருக்கும். வீட்டுக்குப் பின்னால் 30 அடிக்கு 20 அடி மண் தரை இருக்கிறது. அதில் என் மாமியார் 9 ரோஜாச் செடிகள் வைத்திருந்தார். இப்போது 6.

தோண்ட ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். அதற்கு முன்னால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பிறாண்டும், அவ்வளவுதான். நேற்று எண்ணினேன், 11 குழிகள். மூடினால் மறுநாள் அதே இடத்தில் தோண்டுகிறது. மேலே செங்கல் வைத்தால் செங்கலுக்குப் பக்கத்தில் தோண்டுகிறது. குழிக்கு இழுத்துப் போய், "இது என்ன?" என்று கேட்டுத் திட்டியும் பார்த்துவிட்டேன். காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறது. செய்தது தப்பு என்று அதற்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தே மறுநாளும் செய்கிறது. பகலில் வெளியே விட்டுவிடுகிறோம் என்று எங்களைப் பழிவாங்குகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. இதைச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார்.

மாமியார் கட்டிப் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. செடி அவருடையது, நாய் கணவருடையது, குழி மட்டும் எனக்கென்று ஆகிவிட்டது. மிளகாய்த் தூள் தூவினால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? வேறு ஏதாவது மருந்து, ஸ்பிரே இருக்கிறதா?

காவல்மணி எழுதியது:

மிளகாய்த் தூள் நல்ல யோசனைதான். இல்லையென்றால் அதன் கழிவையே எடுத்துக் குழிக்குள் போட்டு மூடுங்கள். மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். எங்கள் நாய் அதோடு விட்டது. செலவே இல்லை.

இரட்டைவால் எழுதியது:

மிளகாய்த் தூள் வேண்டாம். தோண்டிய காலை நாய் நக்கும், அதே காலால் மூக்கையும் கண்ணையும் தேய்க்கும். எரிச்சலில் துடிக்கிற நாய்க்கு, இந்த எரிச்சல் குழியால் வந்தது என்று புரியப்போவதும் இல்லை. ஒரு மழை பெய்தால் தூள் போயே போய்விடும். அடுத்து யாராவது வந்து அந்துருண்டை போடச் சொல்வார்கள். அதைத் தயவுசெய்து கேட்காதீர்கள், நாய்க்கு அது விஷம். கழிவைப் போட்டு மூடுவது சில நாய்களிடம் பலிக்கும், ஆனால் அந்த ஒரு குழிக்கு மட்டும். என் நாய் இரண்டடி தள்ளிப் போய்ப் புதிதாக ஆரம்பித்தது.

எனக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. என் பழைய நாயோடு ஒரு வருடம் மண்வெட்டியும் கையுமாகப் போராடினேன். காலையில் நான் மூடுவேன், மாலையில் அவன் திறப்பான். ஒரு விடுமுறை நாளில் வேறு வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் ஒரே தொல்லை என்று நினைத்தது உண்மையில் மூன்று வெவ்வேறு காரியங்கள். வெயில் ஏறியதும் சுவரோரம் தோண்டி அதிலேயே படுத்தான். கடித்து முடிக்காத எலும்பை வாழை மூட்டில் புதைத்துவிட்டு மூக்கால் மண்ணைத் தள்ளி மூடினான். தெருவில் வேறு நாய் போனால் கேட்டுக்கு அடியில் பறித்தான். மூன்றுக்கும் சேர்த்து நான் ஒரே வைத்தியமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் நாயை விட்டுவிட்டுக் குழியைப் பாருங்கள். அகலமாக, ஆழமில்லாமல், உடம்பைச் சுருட்டிப் படுக்கிற அளவுக்கு, நிழலில் இருந்தால் அது படுக்கை. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். மேல் மண்ணைத் தள்ளிவிட்டால் அடியில் ஈரமும் குளுமையும் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

குறுகலாக, சாய்வாக, ஒரே திசையில் வரிசையாகப் போனால் வேட்டை. தோண்டுவதற்கு முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்கிறதா என்று பாருங்கள். ஒலியின் கீச்சு ஏற ஏற நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எலிகள் தங்களுக்குள் கீச்சிடுவது நமக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவைத் தேடியும் தோண்டும்.

வேலியோரம், கேட்டடியில் என்றால் வெளியே போகிற ஆசை, அல்லது தனியாக இருக்கப் பயம். மண் நாலா பக்கமும் சிதறி, குச்சியும் வேரும் கடித்துக் கிடந்தால் பெரும்பாலும் பொழுது போகாத குறைதான். 14 மாதம் என்றால் இளவட்டம், உடம்பில் தெம்பு தாங்காது.

குட்டைக் கால், நீள உடம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்ஸ்ஹவுண்ட் ரத்தம் கொஞ்சம் இருக்கலாம். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்கு வளைக்கரடி நாய் என்று பொருள். வளைக்கரடி என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் பிராணி. வளைக்குள் புகுந்து அந்தப் பிராணியைப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். டெரியர் என்ற நாய் வகையின் பெயரும் மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். இவற்றின் வழிவந்த நாயிடம் தோண்டாதே என்றால் அதற்கு விளங்காது.

பழிவாங்கல் விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நான். தப்பு தெரிந்த முகம் என்கிறீர்களே, அது உங்கள் முகத்தைப் பார்த்து வருகிற முகம். அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, வீட்டுக்காரரை அறைக்கு வெளியே அனுப்புவார். திரும்பி வருகிறவரிடம் நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும், பொய்யாகவும் இருக்கும். அந்தக் குற்றவாளி முகம் தின்ற நாய்க்கு வரவில்லை, திட்டு வாங்கிய நாய்க்குத்தான் வந்தது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கியதுகள் இன்னும் அதிகமாகக் குழைந்தன. காலையில் தோண்டிய குழிக்கு மாலையில் திட்டினால், நீங்கள் மாலையில் கோபக்காரி என்று மட்டும்தான் சிட்டு கற்றுக்கொள்ளும்.

ஒன்று செய்யுங்கள். நாலு நாளைக்கு ஒரு குழியையும் மூடாதீர்கள். ஒரு தாளில் தோட்டத்தை வரைந்து எந்தக் குழி எங்கே, எவ்வளவு ஆழம், எந்த நேரத்தில் என்று குறியுங்கள். பழைய போன் இருந்தால் ஜன்னலில் வைத்துப் படம் பிடியுங்கள். அப்புறம் பேசுவோம். கணுக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமருந்து எழுதியது:

ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகப் பத்து வருடம் இருந்தேன். இரட்டைவால் சொன்னதோடு இரண்டு கேள்விகள்.

சிட்டுக்குக் கருத்தடை செய்தாயிற்றா? இல்லையென்றால் கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது? இனச்சேர்க்கையே நடக்காத பெண் நாய்க்கும் ஹீட் முடிந்து ஆறு, எட்டு வாரம் கழித்துப் பொய்க் கர்ப்பம் வருவதுண்டு. மடி வீங்கும், பொம்மையைக் குட்டி மாதிரி கவ்வி வைத்துக்கொள்ளும், குட்டி போட இடம் தயார் செய்கிற மாதிரி மூலையில் பறிக்கும். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

இன்னொன்று, ரோஜாவுக்கு என்ன உரம் போடுகிறீர்கள்? எல்லாச் செடியையும் விட்டு ரோஜாவை மட்டும் ஏன் தோண்டுகிறது என்று அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

செடிவீடு எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன். வரைபடம் போட்டேன். என் மகளின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் போச்சு.

சொன்னது சரிதான். 11 குழியும் ஒரே ரகம் இல்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் 2 குழிகள். அரை அடி ஆழம்கூட இல்லை, ஆனால் அகலம். காலை பதினொன்றுக்குப் போய்ப் படுத்தால் மூன்று மணி வரை எழுந்திருப்பதில்லை. நான் என்னவோ பகலெல்லாம் தோண்டுகிறது என்று நினைத்தேன், அது தூங்கியிருக்கிறது.

பின் சுவரோரம் 4. எல்லாம் குறுகல், சுவர்ப் பக்கம் சாய்ந்தவை. போன் படத்தில் பார்த்தேன்: மாலையில் வந்து நிற்கிறது, தலையை ஒரு பக்கம் சாய்க்கிறது, பிறகு இரண்டு முன்காலையும் வைத்து இயந்திரம் மாதிரி! அந்தச் சுவரோரம்தான் சமையலறைக் கழிவைக் குவித்து மக்க வைக்கிறோம். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் எலி. ஒன்று இரண்டு இல்லை.

மீதி 5-ம் ரோஜாப் பாத்தியில். இதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஊசிமருந்து கேட்டதை அப்படியே மாமியாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். எலும்புத் தூள். இரண்டு மாதமாக ஒவ்வொரு செடிக்கும் கைப்பிடி போட்டு மேலே மண்ணை அணைத்து வந்திருக்கிறார். பூ பெரிதாக வரும் என்று யாரோ சொன்னார்களாம். அதாவது நாயின் மூக்குக்கு எதிரே 9 இடத்தில் எலும்பைப் புதைத்து வைத்துவிட்டு, அது தோண்டுகிறது என்று நாங்கள் கட்டிப் போடப் பார்த்திருக்கிறோம். இந்த மாதத்துக்கு வாங்கிய இன்னொரு மூட்டை பிரிக்காமல் இருக்கிறது, ஆமணக்குப் புண்ணாக்கு. அது பரவாயில்லைதானே?

கருத்தடை போன மாதம்தான் செய்தோம். பொய்க் கர்ப்பம் மாதிரியும் தெரியவில்லை.

ஊசிமருந்து எழுதியது:

பரவாயில்லை இல்லை! அந்த மூட்டையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், வீட்டிலும் வைக்காதீர்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற விஷம் இருக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகு அது எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில்தான் தங்குகிறது. சரியாகச் சூடேற்றி முறிக்காத புண்ணாக்கு நாயைக் கொன்றுவிடும். வாசனை நாய்க்குப் பிடிக்கும் என்பதுதான் கொடுமை, எலும்புத் தூளோடு கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தின்ற உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், சோர்வு என்று ஆரம்பிக்கும். அதற்கென்று தனியாக முறிவு மருந்து கிடையாது. தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எலும்புத் தூளும் சாது கிடையாது. நிறையத் தின்றால் வயிற்றுக்குள் சிமெண்டு மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும். கோகோ தோட்டை மூடாக்காகப் போடுகிறவர்கள் சிலர் உண்டு, அதையும் தவிர்த்துவிடுங்கள். சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத பொருள் அதிலும் இருக்கிறது.

எலிக்கு மருந்து வைக்கலாம் என்று இந்நேரம் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டாம். பல எலி மருந்துகள் ரத்தத்தை உறைய விடாமல் செய்து கொல்பவை. மருந்தைத் தின்ற எலியைச் சிட்டு பிடித்துத் தின்றால் விஷம் அதற்குள்ளும் போகும். எலிக்கு அங்கே சாப்பாடு இல்லாமல் செய்யுங்கள், அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

தோண்டுகிற நாய் என்பதால் குடற்புழு மருந்தை நாள் தவறாமல் கொடுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மண்ணில்தான் இருக்கும். நகம் பிளந்திருக்கிறதா, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். நீங்களும் வெறுங்காலோடு அந்த மண்ணில் நடக்காதீர்கள்.

இரட்டைவால் எழுதியது:

உங்கள் மாமியார் பையைக் கொண்டுவந்து காட்டினாரே, பெரிய மனசு. என் வீட்டில் என்றால் அந்தப் பை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயிருக்கும்.

படுக்கைக் குழிக்கு எதிராக ஒன்றும் செய்யாதீர்கள். அதைவிட நல்ல படுக்கையைக் கொடுங்கள், நிழலும் ஈரச் சாக்கும் தண்ணீர்ச் சட்டியும் போதும். உச்சி வெயிலில் உள்ளே விட முடிந்தால் இன்னும் நல்லது. எலிக்கு வழி ஊசிமருந்து சொல்லிவிட்டார்.

ரோஜாப் பாத்தியில் மேல் மண்ணை நாலு அங்குலம் அள்ளி அகற்றிவிட்டுப் புது மண் போடுங்கள். அதற்கு முன்னால், செடியின் அடியைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பி வலையைப் படுக்கையாக விரித்து, மேலே இரண்டு அங்குலம் மண் வரும்படி மூடுங்கள். வலையின் ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்க மறக்காதீர்கள், நீட்டிக்கொண்டிருந்தால் பாதத்தைக் கிழிக்கும். நான் மறந்தேன், மூன்று தையல். செடி வளர வளர வலையை நறுக்கித் தளர்த்த வேண்டியிருக்கும். இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் தட்டைக் கற்களை நெருக்கமாகப் பரப்பினாலும் சரி.

இதெல்லாம் மூடுகிற வேலை. மூடிக்கொண்டே போனால் தோண்டுகிற ஆசை எங்கே போகும்? ஒரு மூலையை அதற்கென்றே விட்டுவிடுங்கள். ஐந்தடிக்கு நாலடி, ஒன்றரை அடி ஆழம், சுற்றிலும் செங்கல் ஓரம், உள்ளே மணலும் மண்ணும் கலந்து கொஞ்சம் ஈரமாக. முதல் நாள் அதற்குப் பிடித்த பொம்மையைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி புதையுங்கள். நீங்களும் கையால் தோண்டுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். அது தோண்டி எடுத்ததும் அப்படியே கொண்டாடுங்கள். அடுத்தடுத்த நாள் முழுக்கப் புதையுங்கள், அப்புறம் இன்னும் ஆழமாக. பாத்தியில் கால் வைத்தால் கத்தாமல் கூப்பிட்டு இந்தக் குழிக்கு அழைத்து வாருங்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே நடந்தால்தான் இதற்கு அர்த்தம். முடிந்த பிறகு குழியைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு மண்ணைத் தள்ளுங்கள். இரவில் குழியை ஒரு பலகையால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஊர்ப் பூனையெல்லாம் அதைக் கழிவறை ஆக்கிவிடும்.

நடை எவ்வளவு கூட்டிப் போகிறீர்கள்? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

செடிவீடு எழுதியது:

மாட்டிக்கொண்டேன். நடை என்று ஒன்று இல்லை. தோட்டம்தான் இருக்கிறதே, அதில் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். நாளை முதல்.

காவல்மணி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாய் கழிவைப் போட்டதும் விட்டது என்று எழுதினேன். என் மனைவி இதைப் படித்துவிட்டு ஞாபகப்படுத்துகிறார், அதே வாரம்தான் பின்பக்கம் முழுக்கச் சிமெண்டு போட்டோம்.

செடிவீடு எழுதியது:

ஐந்து வாரம் ஆகிறது. கேட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று நினைக்காதீர்கள்.

ஆமணக்கு மூட்டையைப் பிரிக்காமலே வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சமையலறைக் கழிவு இப்போது மூடி போட்ட பீப்பாயில். முதல் வாரம் எலி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது, சிட்டுவும் மாலைக் கடமையை விடவில்லை. மூன்றாவது வாரம் சுவரோரம் போய்த் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

தோண்டும் குழியில் முதல் மூன்று நாள் படுதோல்வி. பொம்மையை எடுத்துக்கொண்டு ரோஜாப் பாத்திக்குப் போய் அங்கே புதைத்தது. பிறகு நான் மண்டியிட்டுத் தோண்டுவதைப் பார்த்து, என்ன இவள் நம் வேலையைச் செய்கிறாள் என்பது போல வந்து பக்கத்தில் நின்றது. அன்றோடு பழகிவிட்டது. என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பொம்மை புதைப்பது அவள் வேலை. காலையில் அரை மணி நேரம் நடை. அது நடை என்பதைவிட மோப்பம், ஒரு கம்பத்துக்கு நாலு நிமிடம். அவசரப்படுத்தாமல் நின்றுவிட்டால் வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறது.

பாத்தியில் வலை போட்ட பிறகு இரண்டு தடவை கால் வைத்தது. இரண்டாவது தடவை நான் பார்க்கவில்லை, ஒரு செடி சாய்ந்துவிட்டது. அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. திட்டினேன். அந்த முகத்தைக் காட்டியது. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கும் குழி மட்டும் அப்படியே இருக்கிறது. ஈரச் சாக்கைப் பக்கத்தில் விரித்தோம், தொடவில்லை. குழிக்குள் விரித்ததும் ஏறிப் படுத்தது. இப்போது பத்தரை மணிக்கு மாமியாரே ஒரு சொம்புத் தண்ணீரை அந்தச் சாக்கில் ஊற்றிவிட்டு வருகிறார்.

முன்பு சிட்டு பிடுங்கிப் போட்ட மூன்று ரோஜாவில் ஒன்றை அப்போதே அவர் தொட்டியில் வைத்திருந்தார். அது துளிர்த்துவிட்டது. திரும்பத் தரையில் வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.